ஸ்டிஃப் அப்பர் லிப் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏசி/டிசி ராக் குழுவின் 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். 2000இல் வந்த 'ஸ்டிஃப் அப்பர் லிப்' ஆல்பத்தை இப்போதுதான் கேட்டேன். கறுப்பின அமெரிக்கர்களின் பழைய ப்ளூஸ் இசைப் பக்கம் சாய்ந்து சுரத்தே இல்லாமல் இருக்கிறது. வயதானால் ராக் குழுக்கள் எல்லாம் ப்ளூஸில் போய் ஒதுங்கிவிடுமா? ப்ளூஸ்காரர்கள் கிட்டார் கம்பியை வளைத்து இழுப்பது நம் கமகம்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போன வாரம் முழுக்க நான் கேட்டது இந்த ஆல்பத்தைத்தான். அதனால் கடிதத்தைப் பார்த்ததும் சந்தோஷம். 'சுரத்தே இல்லாமல்' என்ற இடம் வந்ததும் எரிச்சல்.

கமகத்தை விடுங்கள். எதைக் கேட்டாலும் 'இது நம்மிடம் இருப்பதுதானே' என்று தொடங்கினால் காது அங்கேயே மூடிக்கொள்ளும். வயதா? ஆல்பம் வந்தபோது குழுவின் கிட்டார்க்காரர் ஆங்கஸ் யங்குக்கு 44. ஒதுங்குகிற வயதா அது?

சாய்ந்தார்கள் என்கிறீர்கள், எங்கிருந்து? 1975இல் ஆஸ்திரேலியாவில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் முதல் பாட்டே பிக் ஜோ வில்லியம்ஸ் பாடிய பழைய ப்ளூஸ். அதை ஹாரி வாண்டாவோடு சேர்ந்து தயாரித்த ஆங்கஸின் அண்ணன் ஜார்ஜ் யங்தான் 2000இலும் தயாரிப்பாளர்.

சரி, சுரத்து. நீங்கள் சுரத்து என்று நினைப்பது இரைச்சலை. எனக்கும் அந்த வியாதி இருந்தது. பத்தொன்பது வயதில் நண்பர்களோடு எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தேன். ஆம்ப்பில், அதாவது கிட்டாரின் ஒலிபெருக்கியில், கரகரப்பைக் கூட்டுகிற கெயின் திருகு எப்போதும் முழுசாகத் திறந்திருக்கும். விரல் தவறினாலும் தாளம் பிசகினாலும் எல்லாம் அந்தக் கரகரப்பில் அமுங்கிவிடும். ஒருநாள் பயிற்சிக்கு வந்த ஓர் அண்ணன் ஒன்றும் பேசாமல் கெயினை மூன்றுக்கு இறக்கினார். "இப்ப வாசி." பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கிற அதே மூன்று கார்டுதான். ஒலிக்கக் கூடாத கம்பி ஒலித்தது. என் வலக்கை ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை தாமதமாக விழுந்தது. அவமானம். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஏசி/டிசியின் இன்னொரு கிட்டார்க்காரர், ஆங்கஸின் அண்ணன் மால்கம் யங் வாழ்நாள் முழுக்க அந்த வெளிச்சத்தில் நின்று வாசித்தவர். தன் கிரெட்ஷ் கிட்டாரில் கம்பியின் அதிர்வை வாங்குகிற பிக்கப்களில் இரண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பிகள் முடிகிற பிரிட்ஜ் பக்கம் இருந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். கம்பிகள் தடிமன், ஆம்ப்பில் கரகரப்பு குறைவு. ஒரே கார்டுக்குள் கம்பிகள் தனித்தனியாகக் காதில் விழும். தலைப்புப் பாட்டின் தொடக்கத்தைத் திரும்பக் கேளுங்கள். கிட்டார் அடங்கி முனகுகிறது. பாடகர் பிரையன் ஜான்சன்கூட அலறலை விட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் இழுக்கிறார். நடுவில் விடுகிற இடைவெளிகள் இருக்கின்றனவே, அங்கே ஒளிந்துகொள்ள எதுவுமே இல்லை. இதைப் போய் சுரத்தில்லை என்கிறீர்களே ஐயா!

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த அண்ணன் திருகி நிறுத்திய இடத்தில் அப்போதே பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தேன். அப்புறம் ஆம்ப்பை விற்கும் வரை கோட்டைத் தாண்டித்தான் திருப்பிக்கொண்டிருந்தேன்.