குளிர் நாட்டில் வீட்டுப் புல்தரைக்கு மண் பரிசோதனை எப்போது, எதற்காகச் செய்ய வேண்டும்?

செப்டம்பர், அக்டோபரில், தரை உறைவதற்கு முன்னால் செய்யுங்கள். எதற்காக என்பதற்கு என் வயலிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் உப்பூர்ப் பக்கம். நெல்லும் குண்டு மிளகாயும் போடுகிறோம். கடலைப் பார்த்த தாழ்ந்த பக்கத்தில் கொஞ்ச நிலம் இருக்கிறது. பங்குனி பிறந்தால் அங்கே வரப்போரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். மிளகாய்ச் செடி முழங்கால் உயரம் வருவதற்குள் இலை ஓரம் கருகிவிடும். உரக்கடையில் ஒருவர் "களர் நிலம், ஜிப்சம் போடுங்க" என்றார். இரண்டு வருடம் போட்டேன். ஒன்றும் மாறவில்லை.

மூன்றாம் வருடம் சித்திரையில்தான் மண்ணை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கார அமில நிலை (pH; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 7.9, உப்பின் அளவு அதிகம் என்று வந்தது. அதாவது நிலம் களர் இல்லை, உவர். இரண்டும் பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் வைத்தியம் வேறு. களர் என்றால் மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கார அமில நிலை 8.5-க்கு மேல் போயிருக்கும், ஜிப்சம் கேட்கும். உவர் என்றால் வெறும் உப்பு. நல்ல தண்ணீரைத் தேக்கி, கீழே இறக்கி, வடிய விட வேண்டும். வரப்பை உயர்த்தி வடிகால் வெட்டி ஐப்பசி மழைக்குக் காத்திருந்தேன். மழைக்கு முன்னால் முடிவு கையில் இருந்ததால்தான் இதைச் செய்ய முடிந்தது. கார்த்திகையில் மண் எடுத்திருந்தால் உப்பு கரைந்து இறங்கியிருக்கும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரிந்திருக்கும்.

உங்கள் ஊரில் எங்கள் ஐப்பசி மழையின் இடத்தில் பனி இருக்கிறது. என் தங்கை கனடாவில் ஹாலிஃபாக்ஸில் இருக்கிறாள். "அண்ணே, புல்லுக்குள்ள பூரா பாசி அடைஞ்சு கெடக்கு. பக்கத்து வீட்டுல சுண்ணாம்பு போடச் சொல்றாக, போடவா?" என்று கேட்டாள். "மண்ணைக் குடுத்துப் பாத்துட்டுப் போடுத்தா" என்றேன். அக்டோபரில் எடுத்துக் கொடுத்தாள், கார அமில நிலை 5.4 வந்தது. அங்கே வளர்க்கிற புல்லுக்கு 6-லிருந்து 7-க்குள் இருந்தால் நல்லது. அவளுடைய மண் அமிலம் கூடிப் புளித்திருந்தது, அதை மாற்றச் சுண்ணாம்பு தேவைதான். ஆனால் சுண்ணாம்பு போட்ட மறுநாள் வேலை செய்யாது, பல மாதம் பிடிக்கும். பனிக்கு முன்னால் போட்டால், தரை உறைந்தும் உருகியும் வெடிப்பு விடும்போது தூள் உள்ளே இறங்கும். வசந்தத்தில் புல் துளிர்க்கும்போது மண் தயாராகிக்கொண்டிருக்கும். வசந்தத்தில் பரிசோதனை செய்தால் ஆய்வுக்கூடங்களில் கூட்டம், முடிவு வருவதற்குள் பருவமும் போய்விடும்.

எல்லாக் குளிர் ஊருக்கும் சுண்ணாம்பு என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவிலேயே மேற்குச் சமவெளிப் பக்கம், கால்கரி மாதிரி ஊர்களில் மண் பெரும்பாலும் காரம்தான். அங்கே சுண்ணாம்பு போட்டால் இரும்புச் சத்து புல்லுக்கு எட்டாமல் போய் மஞ்சளடிக்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரமும் அப்படித்தான், பார்க்காமல் போடக் கூடாது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில், மண்ணில் மணிச்சத்து குறைவு என்று பரிசோதனை காட்டினாலோ புதிதாகப் புல் போட்டாலோ தவிர வீட்டுப் புல்தரைக்கு அந்த உரத்தைப் போடக் கூடாது என்று சட்டமே உண்டு. ஏரிகளில் பாசி படர்வதைத் தடுக்கத்தான். தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) மட்டும் பரிசோதனையை நம்ப வேண்டாம், அது மழைக்கு மழை மாறுகிற சமாச்சாரம்.

மண் எடுப்பதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். ஒரே இடத்தில் ஒரு கரண்டி எடுத்தால் அது உங்கள் புல்தரை ஆகாது. பத்துப் பதினைந்து இடத்தில், மேலே இருக்கிற புல்லையும் காய்ந்த சருகு மெத்தையையும் விலக்கிவிட்டு, நான்கு அங்குல ஆழம் வரை எடுங்கள். துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம், பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்து, நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். உரம் போட்டு ஒன்றரை, இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை போதும், ஆனால் அதே மாதத்தில் எடுங்கள், இல்லாவிட்டால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது.

இன்னொன்று. சாலையோரம் இருக்கிற புல்லைத் தனியாக எடுங்கள். குளிர்காலத்தில் சாலையில் பனி உருக உப்புக் கொட்டுகிறார்கள். அதுவும் எங்கள் கடலோர உப்பின் சாதிதான், சோடியம் குளோரைடு. அந்த ஓரத்துக்கு மட்டும் பனி உருகியதும் வசந்தத்தில் எடுத்து, சோடியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சோடியம் கூடுதல் என்று வந்தால் நிறையத் தண்ணீர் பாய்ச்சுங்கள், எனக்கு உதவாத ஜிப்சம் அங்கே உதவும்.

சுண்ணாம்பு அளவை அறிக்கையில் சொல்லியிருப்பார்கள். ஒரே எண் வந்தாலும் களிமண் கூடுதலாகக் கேட்கும், மணல் குறைவாகக் கேட்கும். வளர்ந்து நிற்கிற புல்லின் மேல் ஒரே தடவையில் 1000 சதுர அடிக்கு 50 பவுண்டுக்கு மேல் வேண்டாம், மீதியை ஆறு மாதம் கழித்துப் போடலாம். அப்புறம், படிவத்தில் என்ன பயிர் என்று கேட்கும் இடத்தில் 'புல்தரை' என்று மறக்காமல் எழுதுங்கள். அதை வெறுமையாக விட்டால் அவர்கள் சொல்லும் உர அளவு உங்கள் புல்லுக்குப் பொருந்தாமல் போகலாம்.