3.9 வாங்கிய மகளை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பு படிக்கிறாள். ஜி.பி.ஏ., அதாவது 4.0-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 3.9. சிறந்த மாணவர்களுக்கான சங்கமான நேஷனல் ஹானர் சொசைட்டியில் சேரத் தகுதி இருக்கிறது என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. படிவம் எழுதிக் கொடுத்தாள். இப்போது தேர்வாகவில்லை என்கிறார்கள். 3.6 வாங்கிய அவளுடைய தோழிக்குக் கிடைத்துவிட்டது. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. இது பாரபட்சம்தானே? முதல்வரிடம் போய் நியாயம் கேட்கலாமா? கல்லூரி வாய்ப்பு கெட்டுவிடுமா?

பதில்: சகோதரி, முதலில் அந்த 3.9, 3.6 கணக்கை விட்டுவிடுங்கள். பிளஸ் டூ கட்-ஆஃப் பார்த்து வளர்ந்த நமக்கு, அரை மதிப்பெண் கூடுதலாக இருந்தால் அந்தப் பிள்ளைதான் முன்னால் நிற்க வேண்டும் என்று மனம் தானாகச் சொல்லும். இந்தத் தேர்வு அப்படி நடப்பதில்லை. சங்கத்தின் தேசிய விதி கேட்பது மொத்தச் சராசரியில் 85 சதவீதம், அதாவது 4.0-க்கு 3.0. அதை உயர்த்திக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு பள்ளிக் கிளைக்கும் உண்டு, 3.5 அல்லது அதற்கும் மேல் வைத்திருக்கும் பள்ளிகள் ஏராளம். அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் எல்லோரும் பரிசீலனைக்கு உரியவர்கள், அவ்வளவுதான். உங்களுக்கு வந்த கடிதமும் அதைத்தான் சொல்லியிருக்கும். கோட்டைத் தாண்டிய பிறகு 3.9-க்கும் 3.6-க்கும் பெரும்பாலான பள்ளிகளில் வேறுபாடு பார்ப்பதில்லை.

பிறகு எதைப் பார்க்கிறார்கள்? பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கம் 1921இல் இந்த அமைப்பைத் தொடங்கியது. பிட்ஸ்பர்க் நகரப் பள்ளி முதல்வர் எட்வர்ட் ரைனியர்சன் அதற்கு முன்னின்றார். கல்வி, சேவை, தலைமைப் பண்பு, நன்னடத்தை ஆகிய நான்கையும்தான் இன்றுவரை பார்க்கிறார்கள். முதல்வர் நியமிக்கும் 5 ஆசிரியர்கள் கொண்ட குழு ஒவ்வொரு மாணவரின் தகவல்களையும் படித்துப் பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்கிறது. கிளையின் பொறுப்பாசிரியர் அந்தக் கூட்டத்தில் இருப்பார், ஆனால் அவருக்கு வாக்கு இல்லை. முதல்வரும் துணை முதல்வரும் குழுவில் இடம்பெறவே கூடாது. மற்ற ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்பதுண்டு. வாக்கு அந்த ஐவருக்கு மட்டுமே.

அந்த ஐவரில் சிலருக்கு உங்கள் மகளின் முகமே தெரியாமல் இருக்கலாம். 2,000, 3,000 பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இது சாதாரணம். அவர்கள் கையில் இருப்பது அவள் நிரப்பிய படிவம்தான். நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில் என்பது என் உறுதியான எண்ணம். செய்வதை எல்லாம் செய்துவிட்டு, எழுதும்போது பாதியை விழுங்கிவிடுகிறார்கள். தன்னைப் பற்றித் தானே பேசுவது அழகல்ல என்று நாம் சொல்லி வளர்த்த பிள்ளைகள் அல்லவா!

ஒரு மாதிரி சொல்கிறேன். ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாணவி, படிவத்தில் ‘தமிழ்ப் பள்ளியில் உதவி’ என்று ஒரே வரி எழுதுகிறாள். படிக்கும் ஆசிரியருக்கு இது நாற்காலி எடுத்துப் போட்ட வேலையா, பாடம் நடத்திய வேலையா என்று தெரியாது. அதையே, ‘செப்டம்பர் முதல் மே வரை ஞாயிறுதோறும் 2 மணி நேரம், 6 வயதுப் பிள்ளைகள் 12 பேருக்கு எழுத்துகள் கற்பித்தேன், வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளுக்காகப் பட அட்டைகள் தயாரித்தேன், இந்த ஆண்டு புதிதாக வந்த 2 மாணவ உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன்’ என்று எழுதினால், முதல் இரண்டு பகுதியும் சேவை, மூன்றாவது தலைமைப் பண்பு. செய்த வேலை ஒன்றுதான். தலைமை என்றால் மன்றத் தலைவர், அணித் தலைவர் பதவி மட்டும்தான் என்று நினைத்து அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பதவி இல்லாமலே ஒரு காரியத்தைத் தொடங்கி, நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு நடத்தி முடித்ததும் தலைமைதான்.

சேவை என்பது ஊதியம் வாங்காமல் செய்தது. கடையில் பகுதி நேர வேலை, காசு வாங்கிக்கொண்டு குழந்தை பார்த்துக்கொண்டது ஆகியவை சேவைக் கணக்கில் சேராது. தேவையான நேரம் எவ்வளவு என்பதைக் கிளையே முடிவு செய்கிறது. கோயில் அன்னதானத்தில் பரிமாறியதை ஏற்கும் கிளைகளும் உண்டு, சமய நிகழ்ச்சிகளை ஏற்காத கிளைகளும் உண்டு. பொறுப்பாசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சேவை செய்த இடத்தின் பொறுப்பாளர் கையொப்பம் இல்லாத மணிக்கணக்கும் காலம் கடந்து கொடுத்த படிவமும் நல்ல பிள்ளைகளைக்கூட வெளியே நிறுத்திவிடும்.

நன்னடத்தை என்ற பகுதிதான் பெற்றோரை அதிகம் கலங்கவைக்கிறது. காப்பியடித்தது, ஒழுங்கு நடவடிக்கை போன்ற பதிவுகள் இருந்தால் குழு அவற்றை எடுத்துக்கொள்ளும். ஆனால் இந்தப் பெயரில் எதையும் செய்துவிட முடியாது. கென்டக்கி மாநிலத்தின் கிராண்ட் கவுண்டியில், படிப்புத் தகுதி பெற்ற இரண்டு மாணவிகளைத் திருமணமாகாமல் கருவுற்றதற்காகப் பள்ளி சேர்க்க மறுத்தது. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தை மேற்கோள் காட்டி, அவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி நீதிமன்றம் 1998இல் இடைக்கால உத்தரவிட்டது. இனம், மதம், பாலினம் காரணமாக மறுத்ததற்கு உங்களிடம் சான்று இருந்தால், பள்ளி மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். தோழிக்குக் கிடைத்தது என்பது மட்டும் சான்றாகாது.

இப்போது செய்ய வேண்டியது. தேர்வு முறை எழுத்தில் இருக்க வேண்டும், மாணவர்களும் பெற்றோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பிறகு மகளே பொறுப்பாசிரியரைச் சந்திக்கட்டும்; முதல் சந்திப்பில் நீங்கள் கூடப் போக வேண்டாம். ‘என்னை ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்பதைவிட, ‘நான்கில் எதில் என் படிவம் பலவீனமாக இருந்தது’ என்று கேட்டால் பதில் கிடைக்கும். மணி நேரத்தைத் தவறாகக் கூட்டியது, ஒரு தாள் விடுபட்டது போன்ற நடைமுறைப் பிழை தெரியவந்தால், அப்போது நீங்கள் முதல்வருக்கு எழுதலாம். முறையீடு அவரிடம்தான் தொடங்கும். தேசிய அலுவலகத்துக்கு எழுதிப் பயனில்லை. உள்ளூர்க் குழு ஒரு மாணவரைப் பற்றி எடுத்த முடிவை அது மறுபரிசீலனை செய்வதில்லை. மகள் 11ஆம் வகுப்பில்தான் இருக்கிறாள். உங்கள் பள்ளியில் 12ஆம் வகுப்பு மாணவர்களையும் தேர்ந்தெடுக்கிறார்களா, அடுத்த தேர்வு எப்போது என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுக்கொள்ளட்டும்.

கல்லூரியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பொது விண்ணப்பமான காமன் ஆப்பில் விருதுகளுக்கு 5 வரிகள், செயல்பாடுகளுக்கு 10 இடங்கள். இந்தச் சங்க உறுப்பினர் என்பது அதில் ஒரு வரி. நாடு முழுக்க எத்தனையோ பிள்ளைகள் அதே வரியை எழுதுகிறார்கள். உங்கள் மகள் செய்யும் சேவை அவள் உறுப்பினராக இல்லாவிட்டாலும் அந்த 10 இடங்களில் ஒன்றில் முழுதாக நிற்கும். டெக்சாஸில் இன்னொரு ஆறுதலும் உண்டு: பள்ளித் தரவரிசையில் முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே அனுமதி கிடைக்கச் செய்யும் சட்டம் 1997இல் வந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் மட்டும் அந்த வரம்பு இன்னும் குறுகலானது. அந்தக் கணக்கில் ஹானர் சொசைட்டிக்கு இடமே இல்லை.

இன்னொன்று. இந்த ஏமாற்றத்தில் இருக்கும்போது வீட்டுக்குத் தபாலில் பளபளப்பான அழைப்பு வரலாம்: ‘உங்கள் பிள்ளை சிறந்த மாணவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார், இவ்வளவு டாலர் கட்டினால் உறுப்பினர்’ என்று. பள்ளி ஆசிரியர்கள் யாரும் பார்த்துத் தேர்ந்தெடுக்காத அமைப்புகளும் இப்படி எழுதுகின்றன. நேஷனல் ஹானர் சொசைட்டியில் கிளை வாங்கும் ஆண்டுச் சந்தா 20 டாலரைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அதைவிடப் பெரிய தொகை கேட்டு வரும் கடிதத்தைப் பள்ளியின் மாணவர் ஆலோசகரிடம் (கவுன்சிலர்) காட்டாமல் பணம் கட்டாதீர்கள்.