மெட்ரோ வேலை முடிந்த தெரு: உங்கள் கேள்விகளும் பதில்களும்

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காகத் தோண்டிய தெருக்கள் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சாலைப் பணியில் இருந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்டேஷனுக்கு மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். இன்னும் ஏன் பேரிகேட் இருக்கிறது?

மூடியது கூரையை மட்டும்தான். பல ஸ்டேஷன்களில் பக்கச் சுவரை இறக்கி, கூரையை முதலில் போட்டு, அதற்குக் கீழே தோண்டிக்கொண்டே போவார்கள். அந்த மண்ணை மேலே ஏற்ற ஒரு திறப்பு வேண்டும். அது மூடும்வரை தெரு முழுசாகக் கிடைக்காது.

எங்கள் பக்கம் தார் போட்டு முதல் மழையிலேயே ரோடு அமுங்கிவிட்டது. தார் மோசமா?

பெரும்பாலும் தார் அல்ல, அடியில் நிரப்பிய மண். கூரைக்கு மேலே நிரப்பும் மண்ணை 20 செ.மீ. அளவு அடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து, ஒவ்வொரு அடுக்கையும் ரோலரால் இறுக்க வேண்டும். தார், ஜல்லி அடுக்குகளுக்கு நேர் கீழே வரும் மண் அடுக்கு, ஆய்வகத்தில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 97 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது நெடுஞ்சாலை விதி. அவசரத்தில் லாரி லாரியாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டினால், அடியில் காற்று இடைவெளி அப்படியே நிற்கும். மழைத் தண்ணீர் இறங்கியதும் மண் தானாக அமுங்கும். சுவர் ஓரத்திலும் மேன்ஹோலைச் சுற்றியும் பெரிய ரோலர் போகாது, கைரோலர்தான். பள்ளம் முதலில் அங்கேதான் விழும், கவனித்துப் பாருங்கள். அதன் மேலேயே பேட்ச் போடுவது வீண் செலவு. வெட்டி எடுத்து, திரும்ப இறுக்கித்தான் போட வேண்டும். குடிநீர்க் குழாய் கசிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

2017-இல் அண்ணா சாலையில் ரோடு உள்வாங்கி பஸ் பள்ளத்துக்குள் போனதே, அதுவும் இதுதானா?

இல்லை. அங்கே அப்போது அடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பார்ப்பது வேலை முடிந்த பிறகு வரும் அமுக்கம். எரிச்சல் தரும், ஆனால் அந்த ரகம் இல்லை.

புது ரோடு எங்கள் கடை வாசலைவிட உயரமாகிவிடுமோ?

நியாயமான பயம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இலேயே தமிழக அரசு அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. உங்கள் வாசல்படியைச் சேர்த்து இப்போதே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மழைநீர் வடிகால் எந்த மட்டத்தில் வருகிறது என்று தார் போடுவதற்கு முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் யாரும் இறக்கித் தர மாட்டார்கள்.

வெட்டிய மரங்களுக்குப் பதில் அதே இடத்தில் வேம்பு வைக்கலாமா?

கூரைக்கு நேர் மேலே வேண்டாம், வேர் இறங்க ஆழம் இருக்காது. அடியில் இருக்கும் ஸ்டேஷன் கட்டடத்தின் எல்லைக்கு வெளியே, நடைபாதை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள்.

யாரிடம் புகார் சொல்வது?

பேரிகேட் இருக்கும்வரை மெட்ரோ நிறுவனத்திடம். எடுத்த பிறகு, மாநகராட்சித் தெரு என்றால் 1913 என்ற புகார் எண். பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை. மெட்ரோ தெருவைத் திரும்ப ஒப்படைத்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் இரண்டு பக்கமும் கை காட்டுவார்கள்.