வாசகர் கேள்வி: இரண்டு நூல்களில் இரண்டு கலிலியோ

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து கலிலியோ இரண்டு குண்டுகளைக் கீழே போட்டுக் காட்டினார் என்று ஒரு சிறுவர் நூலில் படித்திருக்கிறாள். இன்னொரு நூலோ, அதற்குப் போதிய சான்று இல்லை என்கிறது. எதை நம்புவது என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: இரண்டாவது நூலை நம்பச் சொல்லுங்கள். கோபுரக் கதை நமக்குக் கிடைப்பது, கலிலியோவின் கடைசி ஆண்டுகளில் உடனிருந்த சீடர் விவியானி எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து. கலிலியோ 1642இல் மறைந்து 12 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட அந்நூல் 1717இல்தான் அச்சேறியது. பைசா கோபுரத்தில் அப்படியொரு காட்சி நடத்தியதாகக் கலிலியோ தம் நூல்களில் எங்கும் குறிப்பிடவில்லை.

ஆனால் அவர் 1638இல் வெளியிட்ட நூலில் விவரிக்கும் சோதனை, கோபுரக் கதையைவிடச் சுவையானது. நேராக விழும் பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் தரையைத் தொட்டுவிடும் என்பதால், மரச்சட்டத்தில் பள்ளம் வெட்டி, அதைச் சற்றே சாய்த்து வைத்து, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். நொடிகளைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரம் இல்லாத காலம். ஆகவே, குண்டு உருளும்வரை ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே வடிந்த நீரை நிறுத்துப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டார். நேரம் இரு மடங்கானால் குண்டு கடக்கும் தொலைவு நான்கு மடங்காகிறது என்பது இப்படித்தான் உறுதிப்பட்டது. ஒரு பலகையும் கோலிக்குண்டும் இருந்தால் உங்கள் மகளே இதைச் செய்து பார்க்கலாம். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும்.

புத்தகம் வாங்கும்போது, ஒரு செய்தியைச் சொன்ன கையோடு அது எப்படித் தெரிய வந்தது என்பதையும் நூல் சொல்கிறதா என ஓரிரு பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். வண்ணப் படங்களின் எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: வீட்டில் உள்ள பழைய வானியல் நூல் ஒன்பது கோள்கள் என்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். 1930இல் கண்டறியப்பட்ட புளூட்டோ, கோள் என்பதற்குப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2006இல் வகுத்த வரையறையின்படி குறுங்கோளாயிற்று. தன் சுற்றுப்பாதையின் அண்மைப் பகுதியில் பிற பொருள்கள் இல்லாதபடி தன் ஈர்ப்பால் துப்புரவாக்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அது நிறைவு செய்யவில்லை. இதை அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே குழந்தையைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். 1801இல் கண்டறியப்பட்ட சீரிஸும் சில பத்தாண்டுகள் கோள் பட்டியலில் இருந்து பிறகு நீக்கப்பட்டதுதான் என்பதையும் அடுத்த வரியில் சேர்த்துக்கொள்ளட்டும்.