கொல்லைப்பக்க மீன் தொட்டி: வெயிலுக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணு

கே: சித்திரை வந்ததுல இருந்து தினமும் காலைல ரெண்டு மூணு மீன் செத்து மிதக்குது. பகல்ல எல்லாம் நல்லாத்தான் சுத்துதுங்க. தண்ணில ஏதாவது விஷமா? (மதுரை)

ப: விஷம்லாம் இருக்காதுங்க, மூச்சு முட்டல்தான். தண்ணி சூடாக சூடாக அதுல ஆக்சிஜன் நிக்காது, 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரைக்கும் புடிக்கிற தண்ணி 30 டிகிரில ஏழரைதான் புடிக்கும், இதுல பாசி வேற பகல் முழுக்க ஆக்சிஜன் விட்டுட்டு ராத்திரி மீனோட சேர்ந்து அதுவும் இழுக்க ஆரம்பிச்சுடும், அதனால விடியுறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் நிலைமை ரொம்ப மோசம். நாளைக்கு காலைல 5 மணிக்கு டார்ச் அடிச்சுப் பாருங்க, எல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடிட்டு இருக்கும். ஏர் பம்ப் ராத்திரிதான் கண்டிப்பா ஓடணும். கரண்ட் பில்லுக்குப் பயந்து முதல் வருஷம் நானும் ராத்திரி ஆஃப் பண்ணிட்டுதான் படுத்தேன், ஒரே வாரத்துல எட்டு கோய் (கலர் கெண்டை மீன்) போச்சு. சாயங்காலத் தீனியைக் குறைங்க, பாதித் தொட்டிக்கு கீத்து போட்டு மூடுங்க.

கே: தண்ணி பச்சையாயிடுச்சு, மொத்தமா மாத்திடவா?

ப: ஐயோ வேண்டாம். கையை முழங்கை வரைக்கும் உள்ள விடுங்க, உள்ளங்கை தெரிஞ்சா பயமில்ல, தெரியலைன்னா கால்வாசி மட்டும் மாத்துங்க. குழாய்த் தண்ணின்னா குளோரின் இருக்கும், டிரம்ல ஒரு நாள் தொறந்து வெச்சுட்டு ஊத்துங்க. போர் தண்ணியை உயரத்துல இருந்து பூவாளி மாதிரி விழவிடுங்க, அதுல ஆக்சிஜன் கம்மி.

கே: ஐப்பசில ரெண்டு நாள் கொட்டுச்சு, மீனெல்லாம் அடியில சோர்ந்து கெடக்கு. சுண்ணாம்பு போடச் சொல்றாங்க. (கடலூர்)

ப: மழைத்தண்ணி லேசா புளிப்பு, உப்புச்சத்தும் இல்லாத தண்ணி, நிறைய சேர்ந்தா பிஹெச் (தண்ணி புளிப்பா காரமான்னு காட்டுற அளவு) இறங்கிடும். அதுக்காக வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைக் கொட்டிடாதீங்க, பிஹெச் ஒரேயடியா ஏறும், ஏறினா மீன் கழிவால தண்ணில இருக்கிற அம்மோனியா இன்னும் விஷமாகும். வெங்காயம் வர்ற வலைப்பையில கிளிஞ்சல் போட்டு தொங்க விடுங்க, அது மெதுவா கரையும். மாடித் தண்ணி தொட்டிக்குள்ள விழாம பைப்பைத் திருப்புங்க, நிறைஞ்சு வழியிற ஓட்டைக்கு வலை கட்டுங்க, இல்லைன்னா மீன் தெருவுல கெடக்கும்.

கே: குளிர்ல கோய்க்கு தீனி நிறுத்தணும்னு வீடியோல சொல்றாங்களே? (கோத்தகிரி)

ப: அது பனி உறையிற ஊர்க்காரங்க சொல்றது. உங்க ஊர்ல தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்க, தண்ணி 10 டிகிரிக்குக் கீழ போனா நிறுத்துங்க. கீழ சமவெளில இருக்கிறவங்க மார்கழிலயும் போடலாம்.

கே: மார்கழில மீன் உடம்பெல்லாம் ரவை ஒட்டின மாதிரி வெள்ளப் புள்ளி.

ப: கல்லுப்பு, 100 லிட்டருக்கு 200 கிராம், கரைச்சு ரெண்டு நாள்ல பிரிச்சு ஊத்துங்க, அதுக்கு முன்னாடி அல்லியைத் தூக்கி வேற வாளில வெச்சிடுங்க. புள்ளி மறைஞ்சதும் சரியாயிடுச்சுன்னு தண்ணி மாத்திடாதீங்க, அந்தப் புள்ளிங்கிறது ஒரு ஒட்டுண்ணி, அது உதிர்ந்து அடியில போய் பெருகிட்டுதான் இருக்கும், குளிர்ல அதுக்கு நாளும் ஜாஸ்தி ஆகும், ரெண்டு வாரமாவது உப்பு இருக்கட்டும்.