முட்டி வலிக்கு ரெஸ்ட் மட்டும் போதாது

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு. விடிகாலைல துறைமுகத்துல மீன் எடுத்துட்டு வந்து திருப்பாதிரிப்புலியூர்ல தாழ்வான பலகைல உக்காந்து விக்கிறாங்க. ரெண்டு முட்டியும் வலி, கையை ஊனித்தான் எழுந்திரிக்கிறாங்க. எக்ஸ்ரேல ஜவ்வு தேஞ்சிருக்குன்னாங்க. பத்து நாள் பிசியோதெரபில கரண்ட் வெச்சோம், நிறுத்தினதும் பழையபடி வலி. நடக்கவே கூடாதுன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க, வேலையை விடச் சொல்லட்டுமா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: விடச் சொல்லாதீங்கம்மா, பலகையை மட்டும் மாத்துங்க. முட்டி முழுசா மடங்கி மணிக்கணக்கா இருக்கறதுதான் அவங்களுக்கு ஆகல, கொஞ்சம் உயரமான ஸ்டூல் போட்டு மீன் கூடையையும் ஒரு பெட்டி மேல தூக்கி வெச்சா பாதி பாரம் அங்கயே குறையும்.

கரண்ட், ஒத்தடம் எல்லாம் வலியைக் கொஞ்ச நேரம் அமத்தும், அவ்ளோதான். முட்டியைத் தாங்குறது முன்தொடை தசை, அது பலமானாத்தான் வலி குறையும், அதனால பத்து நாளும் மெஷின் மட்டும் வெச்சிட்டு ஒரு எக்சர்சைஸ் கூட கத்துக்குடுக்காம அனுப்புனா அது பாதி வைத்தியம்னுதான் நான் சொல்லுவேன்.

வீட்லயே ஆரம்பிங்க. காலை நீட்டி உக்கார வெச்சு முட்டிக்கு அடியில ஒரு துண்டைச் சுருட்டி வெச்சு, அந்தத் துண்டை முட்டியால கீழ அழுத்தச் சொல்லுங்க. அப்ப முட்டிக்கு மேல கை வெச்சுப் பாருங்க, தசை கல்லு மாதிரி இறுகணும், இறுகலன்னா சரியா அழுத்தலன்னு அர்த்தம். மூச்சைப் பிடிக்காம 5 எண்ணிட்டு விடணும், ஒரு காலுக்கு 10 தடவை, காலைலயும் சாயங்காலமும். ஒரு வாரம் போனதும் சேர்ல தலகாணி போட்டு உயரம் பண்ணி, கையை ஊனாம எழுந்து உக்காரணும், 8 தடவைல தொடங்கி, சுலபமானதும் தலகாணியை எடுத்துடலாம்.

செய்யறப்ப லேசா வலிச்சா பயப்படாதீங்க, மறுநாள் காலைல வழக்கத்தை விட வலி அதிகமா இருந்தா மட்டும் எண்ணிக்கையைப் பாதியாக்குங்க, நிறுத்திடாதீங்க. வித்தியாசம் தெரிய 6லேர்ந்து 8 வாரம் ஆகும், நிறைய பேர் ரெண்டாவது வாரத்துலயே ஒண்ணும் ஆகலன்னு விட்டுடறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கற விஷயம் இதுதான். எடை கூட இருந்தா அதையும் பாருங்க, 1 கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரம் சுமார் 4 கிலோ குறையும்.

முட்டி திடீர்னு வீங்கி, செவந்து, சூடா இருந்து காய்ச்சலும் வந்தா எக்சர்சைஸ் வேணாம், அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. நேர்ல காட்டி கத்துக்கணும்னா புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரில பிசிகல் மெடிசின் அண்ட் ரிஹாபிலிடேஷன்னு தனி டிபார்ட்மென்ட்டே இருக்கு.

கேள்வி: போலீஸ் செலக்‌ஷனுக்கு சில்வர் பீச்ல ஓடறேன் சார். ஒரே கணுக்கால் அடிக்கடி பிசகுது, சுளுக்கு எடுத்தும் திரும்பத் திரும்ப வருது.
- வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: பிசகின அன்னிக்கு நீவி விடவே கூடாது தம்பி, வீக்கம்தான் ஏறும். ஐஸைத் துணில சுத்தி 15 நிமிஷம் வெச்சு, காலை உயர்த்தி வைங்க. நாலு அடி கூட ஊனி நடக்க முடியலன்னா எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். திரும்பத் திரும்ப வர்றதுக்குக் காரணம், முதல் தடவை வலி போனதுமே ஓட ஆரம்பிச்சிடறீங்க, கணுக்காலோட பேலன்ஸ் இன்னும் திரும்பியிருக்காது. தினமும் ஒத்தக்கால்ல 30 செகண்ட் நில்லுங்க, அது வந்ததும் கண்ணை மூடிட்டு, சுவரு பக்கத்துல. குதிகாலைத் தூக்கி இறக்கறதையும் சேத்துக்கங்க. டெஸ்ட்ல 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும், அதுக்கு கெட்டியான தரைல பழகுங்க, மெத்து மணல் இப்போதைக்கு வேணாம்.

கேள்வி: சாயங்காலம் பீச் ரோட்ல வாக்கிங் போறேன். வலது முட்டி வலி, குச்சியை வலது கைலதானே பிடிக்கணும்?
- வாசகர், புதுச்சேரி

பதில்: இடது கைல பிடிங்க ஐயா. வலது காலும் குச்சியும் ஒண்ணா முன்னாடி போகணும். படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல.