ரீசெட் மெயில் போவதற்கு முன்னால்: ஜாங்கோ கேள்வி-பதில்

ஜாங்கோவின் (பைத்தானில் வெப்சைட் கட்டும் ஃப்ரேம்வொர்க்) பாஸ்வேர்ட் ரீசெட் வியூ, அதாவது அந்தப் பக்கத்துக்கு வரும் கோரிக்கையைக் கையாளும் கோடு, ஓடுவதற்கு முன் என் கோடு கொஞ்சம் ஓட வேண்டும். மொத்த வியூவையும் நானே எழுத வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். ஜாங்கோ 1.11 வெர்ஷனிலிருந்து அது ஒரு கிளாஸ், இன்ஹெரிட் செய்து தேவையான மெத்தடை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் எதற்கு முன்னால் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பக்கம் திறப்பதற்கே முன் என்றால் டிஸ்பேட்ச் மெத்தட். அது கெட் (பக்கத்தைத் திறப்பது), போஸ்ட் (ஃபார்மை அனுப்புவது) இரண்டுக்கும் ஓடும், அதனால் 'ஒரு மணி நேரத்தில் ஐந்து முயற்சிதான்' என்கிற கணக்கை அங்கே வைத்தால் சும்மா பக்கத்தைத் திறந்து பார்த்தவரும் கணக்கில் வந்துவிடுவார். மெயில் போவதற்கு முன் என்றால், ஃபார்ம் சரியாக இருந்தால் ஓடுகிற ஃபார்ம்_வேலிட் மெத்தட். மெயிலை அனுப்புவதே அதற்குள் நடக்கிற ஃபார்ம் சேவ்தான், ஆகவே சூப்பரை (ஜாங்கோவின் அசல் மெத்தடை) கூப்பிடும் வரிக்கு மேலே எழுதுங்கள். அப்புறம், அந்த வரியில் ரிட்டர்னை மறந்தால் வியூ 'நன்' (None, அதாவது ஒன்றுமில்லை) திருப்பியது என்று எரர் வரும். எல்லாரும் ஒரு தடவை மறந்திருப்போம்.

எழுதிவிட்டேன், ஆனாலும் பழைய வியூதான் வருகிறது.

யூஆர்எல் வரிசையைப் பாருங்கள். உங்கள் பாத், ஜாங்கோவின் ஆத் (லாகின், பாஸ்வேர்ட்) யூஆர்எல்களை இன்க்ளூட் செய்யும் வரிக்கு மேலே இருக்க வேண்டும். முதலில் பொருந்துவதோடு தேடல் நின்றுவிடும்.

கம்பெனி எல்டேப்பில் (கம்பெனியின் பொதுவான பயனர் பட்டியல் சர்வர்) லாகின் செய்பவர்களுக்கு ரீசெட் மெயில் போகக் கூடாது. எங்கே தடுப்பது?

வியூவில் இல்லை, ஃபார்மில். பாஸ்வேர்ட்ரீசெட்ஃபார்மை இன்ஹெரிட் செய்து கெட்_யூசர்ஸை (மெயில் யாருக்குப் போகும் என்று தேர்ந்தெடுக்கும் மெத்தட்) மாற்றி, வியூவின் ஃபார்ம்_கிளாஸில் கொடுங்கள். ஆக்டிவ் இல்லாதவர்களையும் பயன்படுத்தக்கூடிய பாஸ்வேர்ட் இல்லாதவர்களையும் ஜாங்கோவின் கெட்_யூசர்ஸ் ஏற்கெனவே வடிகட்டுகிறது. எல்டேப் கணக்குகளை அன்யூசபிள் பாஸ்வேர்டோடு உருவாக்கியிருந்தால் நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை.

தடுத்தவர்களுக்கு எரர் மட்டும் காட்டிவிடாதீர்கள். நான் ஒரு ப்ராஜெக்டில் உதவியாக இருக்கட்டுமே என்று 'இந்த மெயில் பதிவில் இல்லை' என்று போட்டேன். யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று எவர் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஜாங்கோ எல்லாருக்கும் ஒரே 'அனுப்பியாயிற்று' பக்கத்தைக் காட்டுவது காரணத்தோடுதான்.

லிங்க் மூன்று நாள் செல்லும் என்றார்கள், சிலருக்கு அன்றைக்கே செல்லவில்லையே?

259200 விநாடி, அதாவது மூன்று நாள் என்பது டிஃபால்ட்தான். ஆனால் லிங்கில் இருக்கும் டோக்கனில் (ரகசியக் குறியீட்டில்) கடைசி லாகின் நேரமும் கலந்திருக்கிறது. மெயில் வந்த பிறகு பழைய பாஸ்வேர்ட் ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டால், அந்த லிங்க் அத்தோடு காலி.